வயதைச் சொல்லும் மணிக்கட்டு

கால்பந்து ஆட்டத்தில் வெற்றி தோல்வியைக் கோல்கள் தீர்மானிக்கின்றன. ஆனால் இளைஞர்களுக்கான சர்வதேசப் போட்டிகளில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. களத்தில் இறங்கும் பையனுக்கு உண்மையில் வயது என்ன?

இக்கேள்வி எளிதானதாகத் தோன்றலாம். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்று கால்பந்து உலகம் அனுபவத்தில் கற்றுக்கொண்டது. ஆகவே இன்று வீரனின் மணிக்கட்டைக் காந்தத்துக்குள் வைத்துப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். மணிக்கட்டு வயதைச் சொல்லுமா? சொல்லுமென்றால் எவ்வளவு சரியாகச் சொல்லும்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வயது வரம்புப் போட்டிகள்

ஆசியக் கண்டத்தில் இளைஞர்களுக்கான கால்பந்துப் போட்டி 1959-ஆம் ஆண்டு மலாயாவின் கோலாலம்பூரில் தொடங்கியது. இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான அப்போட்டியில் இந்தியாவும் ஒருமுறை வாகை சூடியுள்ளது. 1974-இல் பாங்காக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷபீர் அலி தலைமையிலான இந்திய அணியும் ஈரான் அணியும் ஆளுக்கு இரண்டு கோல் போட்டுச் சமநிலையில் முடித்தன. இரு நாடுகளும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 1985-இல் அதைவிட இளையவர்களுக்கான ஆசியப் போட்டி கத்தாரில் தொடங்கியது. நம் தெற்காசிய நாடுகளுக்கு மட்டுமான சிறுவர் போட்டி 2011 முதல் நடந்து வருகிறது. 2013, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் இந்தியச் சிறுவர்கள் அதில் வென்றனர்.

இப்போட்டிகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. ஒத்த வயதினர் ஒத்த வயதினரோடு மோத வேண்டும். பதினைந்து வயதுப் பையன் இருபது வயது இளைஞனோடு மோதினால் அது போட்டி ஆகாது. ஓட்டத்திலும் உயரத்திலும் உடல் வலிமையிலும் ஐந்து ஆண்டு வேறுபாடு மலையளவு. அடிபடும் அபாயமும் உண்டு.

ஆனால் வெற்றி ஆசை விதியை வளைக்கத் தூண்டுகிறது. 1988-இல் குவாத்தமாலாவில் நடந்த வட, மத்திய அமெரிக்க, கரிபிய நாடுகளின் இருபது வயதுக்கு உட்பட்டோர் போட்டியில், மெக்சிகோ வயது கடந்த வீரர்களை இறக்கியது. அவர்களுடைய உண்மையான பிறந்த ஆண்டை மெக்சிகோவின் பத்திரிகையாளர் ஒருவரே வெளிப்படுத்தினார். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, அந்நாட்டின் எல்லா அணிகளையும் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. அதனால் 1988 சியோல் ஒலிம்பிக்கிலும், 1990 இத்தாலி உலகக் கோப்பையிலும் மெக்சிகோ ஆட முடியாமற் போயிற்று. சிறுவர் போட்டியில் செய்த பிழைக்குப் பெரியவர்களும் தண்டனை அனுபவித்தனர். அடுத்த ஆண்டு நைஜீரியாவும், தன் வீரர்கள் சிலரின் பிறந்த தேதிகள் ஏட்டுக்கு ஏடு மாறியிருந்ததால், இளைஞர் போட்டிகளிலிருந்து இரண்டு ஆண்டு விலக்கப்பட்டது.

ஏடு பொய் சொல்வது எப்பொழுதும் மோசடியால் மட்டும் அன்று. நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைப் பாருங்கள். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஏட்டின்படி அவர் பிறந்த ஆண்டு 1888. ஆனால் தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் கருதினார் என்று அவருடைய மகன் கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவரின் பிறந்த நாளிலேயே ஓர் ஆண்டு ஐயம் இருக்குமானால், அக்காலத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் பிறந்த நாளை யார் குறித்து வைத்திருப்பார்கள்?

காதைத் தொடும் சோதனை

ஏடு இல்லாத இடத்தில் உடலையே ஏடாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்க வரும் பிள்ளையிடம், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அம்மையார்குப்பமானாலும் அறந்தாங்கியானாலும் இதே கதையைச் சொல்வார்கள்.

இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். வளர்ந்த மனிதனில் அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். தலை முதலில் வளர்ந்து முடிக்கிறது. கைகால்கள் பின்னால் வளர்ந்து வந்து அதை எட்டிப் பிடிக்கின்றன. கை காதைத் தொடும் நிலை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில் வருகிறது.

ஆனால் ஒரு குறை. கை நீண்ட பிள்ளை நாலரை வயதிலேயே தொட்டுவிடும். சவலைப் பிள்ளை ஆறு வயதிலும் தொடாது. இச்சோதனை அளப்பது நாட்காட்டி வயதை அன்று, உடலின் வளர்ச்சியை. நாட்காட்டி ஒரு கடிகாரம். உடல் வேறொரு கடிகாரம். முதலாவது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடும். இரண்டாவது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். மணிக்கட்டுப் படத்தின் பலமும் பலவீனமும் இதில்தான் அடங்கியிருக்கின்றன.

எலும்பு எப்படி நீளுகிறது?

நீங்கள் தறியில் சேலை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். சேலை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வருகிறது. ஆனால் ஏற்கெனவே நெய்து சுருட்டிய பகுதி சிறிதும் நீள்வதில்லை. ஊடை இழை விழும் அந்த ஓர் இடத்தில்தான் நீளம் கூடுகிறது. எலும்பும் அப்படித்தான்.

இதை 1727-லேயே இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் ஓர் எளிய சோதனையால் காட்டினார். ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு துளைகள் இட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு நன்றாக நீண்டிருந்தது. ஆனால் துளைகளுக்கு இடையே அதே அரை அங்குலம்தான் இருந்தது. எலும்பின் நடுப்பகுதி நீள்வதில்லை, முனைகளுக்கு அருகேதான் வளர்ச்சி நடக்கிறது என்பது புலனாயிற்று.

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், தண்டுக்கும் முனைக்கும் இடையில் குருத்தெலும்பாலான மெல்லிய தகடு ஒன்று உள்ளது. இதை வளர்தட்டு எனலாம். இங்குள்ள செல்கள், அடுக்கி வைத்த காசுகளைப்போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் புதிய செல்கள் பிறக்கின்றன. அவை பருத்து, சுண்ணாம்பு ஏறி, மறு பக்கத்தில் எலும்பாக மாறுகின்றன. இவ்வாறு எலும்பு நீண்டுகொண்டே போகிறது.

பாவு தீர்ந்தால் நெசவு நிற்பதுபோல, ஒரு காலகட்டத்தில் வளர்தட்டின் ஆற்றல் தீர்ந்துபோகிறது. குருத்தெலும்பு முழுவதும் எலும்பாகி, தண்டும் முனையும் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு உயரம் கூடாது. இந்த இணைப்பை நடத்தி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். பெண்களுக்குரியது என்று பொதுவாகக் கருதப்படும் இந்த ஹார்மோன், ஆண்களின் எலும்பிலும் இதே வேலையைச் செய்கிறது. 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த ஓர் ஆண், 28 வயதில் 204 சென்டிமீட்டர் உயரம் இருந்தார்; இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். அவருடைய உடல் ஈஸ்ட்ரோஜனின் கட்டளையை ஏற்கும் திறனற்றிருந்ததால் வளர்தட்டுகள் மூடவே இல்லை.

எக்ஸ்-கதிர்ப் படத்திலிருந்து காந்தப் படம் வரை

1895 டிசம்பரில் ராண்ட்கன் தம் மனைவியின் கையை எக்ஸ்-கதிரால் படம் எடுத்தார். அதன் பிறகு உயிருள்ள மனிதரின் எலும்பு வளர்ச்சியைக் கண்ணால் காணும் வழி பிறந்தது. இதற்குக் கையே மிகவும் வசதியானது. மணிக்கட்டையும் சேர்த்து ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவை ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் பெரும்பாலும் குருத்தெலும்புதான் இருக்கும். அது எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாது. அங்குள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு ஏறி வெளிப்படுகின்றன. ஆகவே ஒரே ஒரு படத்தில் வளர்ச்சியின் பல கட்டங்களை ஒப்பிட முடிகிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரக் குழந்தைகளின் படங்களைக் கொண்டு குரூலிக், பைல் இருவரும் 1950-இல் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டனர். பிள்ளையின் படத்தை இதனுடன் ஒப்பிட்டு எலும்பு வயதைக் கணிப்பார்கள். இங்கிலாந்தில் டானர், ஒயிட்ஹவுஸ் இருவரும் ஒவ்வோர் எலும்புக்கும் தனித்தனியே மதிப்பெண் இடும் முறையை வகுத்தனர். 2001-இல் வெளியான அதன் மூன்றாம் வடிவம் டி.டபிள்யூ.-3 எனப்படுகிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் சிறுவர் போட்டிகளில் பயன்படுத்துவது இம்முறையே.

எக்ஸ்-கதிர் சிறிதளவேனும் கதிர்வீச்சு. நோயில்லாத பையன் ஒருவனை, விளையாட்டுக்காக அதற்கு உட்படுத்துவது முறையா என்ற கேள்வி எழுந்தது. எனவே ஃபிஃபாவின் மருத்துவக் குழு காந்த ஒத்ததிர்வு முறையை நாடியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று நாம் அழைப்பது இதுதான். நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. வலிமை மிக்க காந்தப் புலத்தில் இவ்வணுக்களின் கருக்கள் ஒழுங்குபடுகின்றன. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சைகைகளைக் கணிப்பொறி படமாக்குகிறது. இதில் தீய கதிர்வீச்சு இல்லை. குருத்தெலும்பும் தெளிவாகத் தெரியும்.

முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பை ஆரை எலும்பு என்பர். மணிக்கட்டருகே இதன் வளர்தட்டு எந்த அளவு மூடியிருக்கிறது என்பதை ஆறு படிகளாகப் பிரித்தனர். முதற்படியில் தட்டு முழுவதும் திறந்திருக்கும். ஆறாம் படியில் சுவடின்றி மூடியிருக்கும். சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளில், 14 முதல் 19 வயது வரையுள்ள 496 கால்பந்து வீரர்களை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். பதினேழு வயது நிறையாத பையன்களில் ஆறாம் படி காணப்படுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்று தெரிந்தது. 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் இச்சோதனை நடைமுறைக்கு வந்தது.

விளைவு என்ன? 2023 சனவரியில் மத்திய ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையே 17 வயதுக்கு உட்பட்டோருக்கான தகுதிப் போட்டி நடந்தது. அதற்கு முன்பு கேமரூன் தன் வீரர்களைச் சோதித்தது. 30 பேரில் 21 பேர் சோதனையில் தேறவில்லை. ஏறக்குறைய ஓர் அணி முழுவதையும் புதிதாகத் திரட்ட வேண்டியதாயிற்று.

சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். மணிக்கட்டுப் படம் ஒரு பையனின் வயது பதினாறு ஆண்டு நான்கு மாதம் என்று சொல்லாது. ஒரே நாளில் பிறந்த நூறு பையன்களை எடுத்துக்கொண்டால், அவர்களின் எலும்பு வயது ஒன்றுபோல் இராது. ஓர் ஆண்டு முன்னும் பின்னுமாக இருப்பது மிகச் சாதாரணம். இரண்டு ஆண்டு வேறுபாடுகூட நோயாகாது. பற்றாக்குறை உணவு, நீண்ட கால நோய் ஆகியவை எலும்பின் கடிகாரத்தை இன்னும் மெதுவாக்கும்.

ஆகவே ஆறாம் படியில் இருப்பவனைப் பற்றி, இவன் பதினேழைத் தாண்டியவனாக இருக்கவே பெரிதும் வாய்ப்பு என்று சொல்லலாம். ஆனால் அதற்குக் கீழே இருப்பவன் பதினேழுக்கு உட்பட்டவன் என்று சொல்ல முடியாது. பதினெட்டு, பத்தொன்பது வயதிலும் வளர்தட்டு முழுமையாக மூடாதவர் பலர் உண்டு. வயது கடந்த சிலர் இவ்வலையில் சிக்காமல் தப்பிவிடுவார்கள்.

இதைவிட வேதனையானது மறுபக்கம். 16 அணிகள், அணிக்கு 23 பேர் கலந்துகொள்ளும் போட்டியில் மொத்தம் 368 வீரர்கள். எல்லோருமே உண்மையான வயதினர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒருவர் என்ற கணக்கில், மூன்று அல்லது நான்கு பையன்கள் எந்தத் தவறும் செய்யாமலே விலக்கப்படலாம். எலும்பு சற்று முந்தி மூடியதே அவர்கள் செய்த குற்றம். அப்பையன் ஊர் திரும்பினால், வயதை மறைத்தவன் என்ற பெயரும் கூடவே வரும். உண்மையான பிறப்புச் சான்றிதழ் கையிலிருந்தும் அவன் பேச்சு எடுபடாது.

பெண்களுக்கு இச்சோதனை பயன்படாது. சிறுமியரின் எலும்புகள் சிறுவர்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு முந்தியே முதிர்கின்றன. பதினேழுக்கு முன்பே பலருக்கு மணிக்கட்டு மூடிவிடுவதால், ஆறாம் படி அவர்கள் விஷயத்தில் எதையும் நிரூபிக்காது.

பிறந்த மாதம் செய்யும் வேலை

மோசடி சிறிதும் இல்லாத போட்டியிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. இது பலர் அறியாதது.

2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்கு, 2000 சனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் தகுதி பெற்றனர். சனவரி முதல் நாள் பிறந்தவனும் டிசம்பர் கடைசி நாள் பிறந்தவனும் ஏட்டில் ஒரே வயதுப் பிரிவினர். உண்மையில் ஓர் ஆண்டு இடைவெளி. பெரியவர்களுக்கு இது பொருட்டன்று. ஆனால் பதினான்கு வயதை ஒட்டிய வளர்ச்சி வேகத்தில், பையன்கள் ஓர் ஆண்டில் ஒன்பது சென்டிமீட்டர்கூட உயர்வதுண்டு. தேர்வாளரின் கண்ணுக்கு சனவரிப் பையன் உயரமானவனாக, வலிமையானவனாக, ஏன், திறமையானவனாகவும் தெரிகிறான். அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நல்ல பயிற்சி தருகிறார்கள், அடுத்த ஆண்டு அவன் உண்மையிலேயே திறமையானவனாகிவிடுகிறான். டிசம்பர்ப் பையன் மனமொடிந்து விளையாட்டை விட்டுவிடுகிறான்.

இது ஊகம் அன்று. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 18 வயது வரையிலான தேசிய அணிகளில் சுமார் 43 விழுக்காட்டினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களோ சுமார் 9 விழுக்காடுதான். நட்சத்திரப் பலன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பெல்ஜியத்தில் 1997-இல் தகுதி நாளை ஆகஸ்டு 1-இலிருந்து சனவரி 1-க்கு மாற்றினார்கள். உடனே ‘அதிர்ஷ்ட’ மாதங்களும் ஆகஸ்டு, செப்டம்பரிலிருந்து சனவரி, பிப்ரவரிக்கு மாறிவிட்டன!

இதற்குப் பரிகாரமும் காண முயல்கிறார்கள். பெல்ஜியத்தில் தாமதமாக முதிரும் சிறுவர்களுக்கென்றே தனித் தேசிய அணிகள் அமைத்தனர். இங்கிலாந்தில், வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்துச் சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தனர். ஒரு பையன் வளர்ந்து முடிந்தபின் எட்டக்கூடிய உயரத்தில் இன்று எத்தனை விழுக்காட்டை எட்டியிருக்கிறான் என்பதைப் பெற்றோரின் உயரத்தையும் கொண்டு கணித்து, ஒத்த முதிர்ச்சி உடையவர்களை ஒன்றாக ஆடவிடுகிறார்கள். வேகமாக வளர்ந்த பையன் உடல் பலத்தை மட்டும் நம்பாமல் நுணுக்கத்தைக் கற்கிறான். மெதுவாக வளர்பவனுக்குத் தன் திறமையைக் காட்ட இடம் கிடைக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இந்திய அரசு 2010-இல் விளையாட்டில் வயது மோசடியைத் தடுக்கும் தேசிய நெறிமுறையைக் கொண்டுவந்தது. மருத்துவச் சோதனைக்கு அதில் முக்கிய இடம் உண்டு. ஆயினும் மருத்துவச் சோதனை கடைசிப் புகலிடம். நம்பத்தக்க பிறப்புப் பதிவு இருந்தால் எலும்பைக் கேட்க வேண்டிய அவசியமே குறைந்துவிடும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். சட்டத் திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக ஒரு தேதியைச் சொல்லி வைக்கும் பழைய வழக்கம் இனி உதவாது.

உங்கள் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது நீங்கள் ஒரு சிறு ஆராய்ச்சி செய்யலாம். அணியிலுள்ள எல்லோருடைய பிறந்த மாதத்தையும் எழுதி, மூன்று மூன்று மாதமாகப் பிரித்து எண்ணுங்கள். பிறகு வகுப்பு முழுவதற்கும் அதே கணக்கைப் போடுங்கள். ஓர் அணியில் ஆட்கள் குறைவு; தற்செயலான வேறுபாடுகளும் வரும். ஆகவே பல ஆண்டு அணிகளைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு கணக்கும் பெரிதும் வேறுபட்டால், உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். உயரம் போதாது என்று ஒதுக்கப்பட்ட ஆண்டுக் கடைசிப் பையன்களுக்கு இன்னொரு முறை பந்து கிடைக்க அந்தக் கணக்கு வழி செய்யலாம்.